சேலையூரில் ஒரு சமையலறைக் காவல்

ஒரு சமையலறைக்குக் காவல் இருப்பதற்காகத்தான் நான் முதன்முதலாக இந்தியாவுக்குப் போனேன். நான் பிறந்தது, வளர்ந்தது, தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாமே மலேசியாவின் ஈப்போ நகரில்தான். என் அக்கா கமலாவை மட்டும், அப்பாவின் சிநேகிதர் வழியாக வந்த சம்பந்தத்தில், தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் வீட்டை நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். எங்களுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கும் சமயம். அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், ஒரு வாரமாவது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்றாள். வந்து சமைத்துப் போடுகிறேன் என்றேன்.

"சமையல் பெரிய விஷயம் இல்ல. சமையல்கட்டப் பூட்டி வெச்சுப் பாத்துக்கணும். பானு கேப்பா, அழுவா. நீ தரக் கூடாது. வேற யாரையும் என்னால நம்ப முடியல" என்றாள்.

பானு அவளுடைய ஒரே மகள். கைக்குழந்தையாக இருந்தபோது ஈப்போவுக்குத் தூக்கி வந்திருந்தாள். அப்போது அந்தக் குழந்தைக்குப் பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. துணி மாதிரித் துவண்டு கிடக்கும். அம்மாவும் நானும் மாற்றி மாற்றிப் பஞ்சில் பாலை நனைத்து வாயில் பிழிந்திருக்கிறோம். மூன்று வயதுக்குப் பிறகு அவள் சாப்பிடத் தொடங்கினாள், அதன் பிறகு நிறுத்தவேயில்லை என்று அக்காவின் கடிதங்களில் தெரிந்துகொண்டேன். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

மீனம்பாக்கத்தில் இறங்கியபோது மழை. அத்தான் சண்முகம் குடையோடு நின்றிருந்தார். சேலையூர் அவர்களுக்குப் பூர்வீகம். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, கேம்ப் ரோட்டில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஆட்டோவில் போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் மழை மாலையில் வந்து ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே மழை குடித்தனம் பண்ண வந்த மாதிரி இருந்தது. சைக்கிளில் போகிறவர்கள்கூட அவசரப்படாமல் நனைந்துகொண்டு போனார்கள்.

வீட்டு வாசலிலேயே அக்கா என்னை நிறுத்தினாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பையைத்தான் முதலில் வாங்கினாள். நான் கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின், அன்னாசி பன், பிள்ளைக்கு என்று வாங்கிய சாக்லெட் எல்லாவற்றையும் எடுத்து அத்தானிடம் கொடுத்து, கடையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். பிறகுதான் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

உள்ளே சமையலறைக் கதவில் பெரிய பூட்டு. குளிர்ப்பெட்டியைச் சுற்றிச் சங்கிலி. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதாவது ஒரு வாசனை நம்மை வரவேற்கும் அல்லவா, தாளித்த வாசனையோ காபி வாசனையோ. அந்த வீட்டில் பினாயில் வாசனைதான் அடித்தது.

பானு குள்ளம். பெருத்த உடம்பு. அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் கைகள், குழந்தைக்கு இருப்பது போல. என்னைப் பார்த்துச் சிரித்து, கையைப் பிடித்து, முகர்ந்து பார்த்தாள். "சித்தி, நீங்க வர்ற வழியில என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். விமானத்தில் கொடுத்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சொல்லி முடித்ததும் அவள் கண்களில் நீர் நின்றது.

மறுநாள் காலையில் அக்காவும் நானுமாக அவளுக்கு இரண்டு இட்லி வைத்தோம். மென்று முடித்துத் தட்டை வழித்தாள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் என்னிடம் மெல்ல, "சித்தி, பசிக்குது" என்றாள்.

இப்போதுதானே சாப்பிட்டாய் என்றேன்.

"சாப்ட்டேன். ஆனா பசிக்குது" என்றாள். அதில் அடமோ கெஞ்சலோ எதுவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

நானும் பருமன்தான். பள்ளியில் என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும். ஆகவே அந்த வீட்டுப் பூட்டுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அக்காமேல் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளையை இப்படிப் பட்டினி போடுவார்களா என்று நினைத்தேன்.

அன்று மதியம் பானு தூங்கியதும் அக்கா என்னைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். எங்கள் ஊர்ச் சந்தையைவிட நாலு மடங்கு கூட்டம். பூக்காரி, தேங்காய்க்காரர், பழைய பேட்டரி விற்கிற பாய் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மேம்பாலத்துக்கு அருகில் ஒரு சின்ன ஓட்டலுக்குள் அக்கா நுழைந்தாள். மசால் தோசை வாங்கிக்கொண்டு, உட்காராமல், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே அவசரமாகத் தின்றாள். உட்கார்ந்து சாப்பிடேன் என்றேன். பழகிவிட்டது என்றாள். வீட்டில் யாராவது மெல்லுகிற சத்தம் கேட்டாலே பானு எழுந்து வந்துவிடுவாளாம். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவளும் அத்தானும் வயிறாரச் சாப்பிடுவது வெளியில்தான். அவர் கடையில், இவள் இங்கே. தோசையின் கடைசித் துண்டை அவள் விழுங்கியபோது என் கோபம் பாதி போய்விட்டது.

அடுத்த நாள், ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பாகப் பானுவை அவளுடைய டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்றாள் அக்கா. டாக்டர் நகரத்துக்குள் இருக்கிறார். மூவரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் எங்களுக்கு எதிரே இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்குத் தெலுங்கு தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தாள். பிறகு, "ரெண்டு பேர் டிக்கெட்டுல நாலு பேர் எடம்னு சொல்றாங்க" என்றாள். என்னையும் சேர்த்துத்தான். கிண்டியில் கடலைக்காரி ஏறினாள். பானுவின் உடம்பு முழுவதும் அந்தக் கூடையின் பக்கம் திரும்பியது. அக்கா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடலைக்காரி பெட்டியின் கடைசிக்குப் போய் இறங்கும்வரை பானு அழுதுகொண்டே இருந்தாள். எதிரே இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருத்தி, தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, "வாயக் கட்டினா ஒடம்பு தானா எறங்கும்" என்றாள்.

டாக்டர் வயதானவர். பானுவை எடை பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, வெளியே உட்கார வைத்தார். நான் என் கோபத்தில் மிச்சமிருந்ததை அவரிடம் கொட்டினேன். பசிக்கிற பிள்ளைக்கு ஏன் கொடுக்கக் கூடாது, வயிறு நிறைந்தால் தானாக நிறுத்த மாட்டாளா என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடல் சில ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறதாம். அதில் ஒன்று இரைப்பையின் கீழ்வாயை இறுக்கி, உள்ளே இருப்பதை மெதுவாக அனுப்பச் சொல்லும். அதனால் வயிறு கொஞ்ச நேரம் கனமாகவே இருக்கும். அதே சேதி மூளைக்கும் போகும். போதும் என்று நாம் கையை எடுப்பது அதனால்தான், வெறும் மனக்கட்டுப்பாட்டால் இல்லை. உடம்பிலுள்ள கொழுப்பும் அப்படி ஒன்றைச் சுரப்பதாக வெளிநாட்டில் அண்மையில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். பருமனானவர்களுக்கு அது குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்களாம். பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு அது நிறையவே இருக்கிறது, மூளைதான் கேட்பதில்லை. சிலருக்கு இரைப்பை சீக்கிரம் காலியாகிவிடும். சிலருக்கு அது விரிந்து பழகி, நிறைந்துவிட்டது என்று சொல்வதற்கே நிறையக் கேட்கும்.

பானுவுக்குப் பிறவியிலேயே கோளாறு என்றார். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏற வேண்டிய சுரப்புகளில் ஒன்று அவளுக்குச் சரியாக ஏறுவதில்லை. மூளையில் பசியை ஆளுகிற இடமும் சேதியை வாங்கிக்கொள்வதில்லை. தட்டு காலியானாலும் அவளுக்குப் பட்டினி கிடந்தவளின் பசிதான். "அவ பொய் சொல்றதில்லம்மா. நெஜமாவே பசிக்குது. எப்பவும்" என்றார்.

அப்படியானால் நான், என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. உங்கள் விஷயம் வேறு, ஆனால் முழுக்க வேறும் இல்லை என்றார். என்னிடம் அப்படிப் பேசிய முதல் டாக்டர் அவர். ஈப்போவில் எல்லோரும் எனக்கு நடக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பும்போது பல்லாவரத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயில் நின்றுவிட்டது. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த படத்துண்டுப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்துப் பானுவிடம் கொடுத்தேன். துண்டு துண்டாக இருப்பதைச் சேர்த்தால் ஒரு கடற்கரைப் படம் வரும். அவள் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன விரல்களால், மூடியிலிருந்த படத்தைப் பார்க்காமலேயே சேர்த்துக்கொண்டு போனாள். பெட்டியிலிருந்த பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சர் இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு மூளையா என்று வியந்தார். பானு தலை நிமிராமல், "இது பண்ணும்போது கொஞ்சம் மறந்திருக்கும்" என்றாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முதல் இரண்டு நாள் வீட்டுக்குக் காவல் நான்தான். சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பானு என்னைத் திட்டினாள், காலைப் பிடித்தாள், ஒரு தடவை கையைக் கடித்தாள். பிறகு அவளே வந்து கடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதோம்.

ஆபரேஷன் அன்று பெண் துணை ஒருத்தி ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். நான் போக வேண்டும், வீட்டில் ஆள் வேண்டும். அத்தான் தம் அக்கா நாகம்மாவை வரவழைத்தார். அவர் பெரும்பாக்கத்தில் வாக்கப்பட்டவர். அப்போது அங்கே ஏரியும் நெல்வயலும்தான். காலையில், கூடையில் ஏரி மீனும் கீரையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பானுவைப் பார்த்ததும் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். பானு அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் சாவியைக் கொடுத்து, மத்தியானம் எவ்வளவு, சாயந்தரம் எவ்வளவு என்று சொன்னார். நானும் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா கண் விழித்ததும் கேட்டது பானு சாப்பிட்டாளா என்றுதான். சாப்பிட்டிருப்பாள் என்றேன். இரவுக்கு நர்ஸ் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் வீடு திரும்பியபோது பானு படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். நாகம்மா அவளுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறை பூட்டியிருந்தது. சாவியை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை இட்லித் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். பானு அதைப் பார்த்தாள். பிறகு தள்ளி வைத்தாள்.

"வேணாம் சித்தி. பசிக்கல."

அத்தான் ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு வந்து நின்றார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தை மூடிக்கொண்டார். நுரை கையெல்லாம் ஒட்டியது. நாகம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நேத்து நா வவுறு ரொம்பச் சோறு போட்டேன் சண்முகம். நீங்கள்லாம் வையப்போறீங்கன்னு சொல்லல. கொயந்த ஏங்கி ஏங்கித்தான் இப்டி ஆயிப்போச்சு. ஒரு நாளு ஆச தீரத் துன்னா அடங்கிடும்னு எம்மனசுக்குத் தோணிச்சு. பாரு, அடங்கிச்சு" என்றார்.

அத்தான் அவரை வையவில்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரு பண்டிகை மாதிரி இருந்தது. அக்காவிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பார்வை நேரத்துக்குப் பானுவையும் கிளப்பிக்கொண்டு புறப்பட்டோம்.

கேம்ப் ரோடு முழுக்க முழங்கால் தண்ணீர். ஆட்டோ பாதி வழியில் இருமி நின்றது. டிரைவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "தண்ணி பூந்துகினு கீது சார். கொஞ்சம் தள்ளுனா போயிடலாம்" என்றார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஒரு பஜ்ஜிக் கடை. கூரைக்குக் கீழே எண்ணெய்ச் சட்டி பொரிந்துகொண்டிருந்தது. எனக்கே நாக்கில் நீர் ஊறியது. பானு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தோளில் தலையை வைத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஆட்டோவைத் தள்ளியபடியே பின்பக்கக் கண்ணாடித்தாள் வழியாக அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அவரை அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா படுக்கையில் சாய்ந்திருந்தாள். வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு போனேன், பானு காலையில் இட்லி வேண்டாம் என்றுவிட்டாள், பசியில்லையாம் என்று.

அக்காவின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. முகம் வெளுத்தது.

"என்ன சொன்ன?"

"பசிக்கலம்மா" என்று பானுவே சொன்னாள்.

அக்கா தையல் போட்ட வயிற்றோடு எழுந்து உட்கார்ந்தாள். பானுவை இழுத்து, புடவைக்குள் கையை விட்டு அவள் வயிற்றைத் தொட்டாள். பிறகு அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி நர்ஸைக் கூப்பிட்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன். தோல் பளபளவென்று இழுத்து, கல் மாதிரி இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டதற்குப் பானு கொஞ்சம் யோசித்து, இல்லை, ஒரு மாதிரி இருக்கிறது என்றாள்.

அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அக்காவை யாராலும் படுக்க வைக்க முடியவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தாள். பானுவுக்குப் பயமில்லை. அம்மாவைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"அம்மா, பசிக்காம இருந்தா இப்படித்தான் இருக்குமா?"

அக்கா, ஆமாம் கண்ணு, இப்படித்தான் இருக்கும் என்றாள்.

அதுதான் அவள் எங்களோடு கடைசியாகப் பேசியது. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். அடுத்த நாள் விடியும்போது போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை டாக்டர், சின்ன வயதுப் பெண், எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இரைப்பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் சுவருக்கு ரத்தம் போவது நின்றுவிடும். சுவர் செத்து, ஓரிடத்தில் கிழிந்திருந்தது. மற்றவர்கள் என்றால் அவ்வளவு உள்ளே போவதற்கு முன்பே வாந்தி வரும், வலி துடிக்க வைக்கும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இரைப்பையே மந்தமாகத்தான் வேலை செய்யும், வாந்தி அபூர்வம், வலியும் சரியாகத் தெரியாது. இவர்கள் பசியில்லை என்று சொன்னால் அது நல்ல சேதி இல்லை, ஆபத்து என்றார். அக்காவுக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. மகளை இருபது வருஷம் பார்த்திருந்தாள். பசிக்காத பானு அவளுக்குத் தெரியாதவள்.

ஈமக்காரியங்கள் மழையிலேயே நடந்தன. அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பானுவின் முகத்தை ஒருமுறை காட்டிவிட்டுத் திரும்ப அழைத்துப் போனார்கள். நான் விடுமுறையை நீட்டித்துக்கொண்டு தங்கினேன்.

நாகம்மா ஊருக்குப் போகவில்லை. பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். சோறு தண்ணீர் இல்லை. அத்தான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைக்கும் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். எனக்கு அந்த அம்மாமேல் ஆத்திரம்தான். தண்ணீர் கொண்டுபோய் வைத்தால்கூட முகத்தைப் பார்க்காமல்தான் வைத்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்த அன்று, மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குத்தான் போனாள். பின்னாலேயே போனேன். என்ன சொல்லப்போகிறாளோ என்று பயந்தேன். அவளைப் பார்த்ததும் நாகம்மா காலில் விழப் போனார். அக்கா தடுத்து, வலியோடு கீழே உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணி, அன்னிக்கு என்னென்ன சமைச்சுப் போட்டீங்க?"

நாகம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா திரும்பவும் கேட்டாள். அதட்டவில்லை, சும்மா கேட்டாள்.

நாகம்மா சொல்ல ஆரம்பித்தார். மீன் குழம்பு, வறுவல், முளைக்கீரை மசியல், கருவாட்டுத் தொக்கு. சோறு இரண்டாவது தடவை வடித்தது. பிறகு, பிள்ளை கேட்டாளே என்று, ரவை கேசரி. குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது. அக்கா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மீன் குழம்பு புடிச்சுதா அவளுக்கு?"

"ரொம்ப நல்லா கீது அத்தேன்னு சொல்லிச்சு. கையி நக்கிகினே சொல்லிச்சு."

"சிரிச்சாளா?"

"சிரிச்சுகினேதான் துன்னுச்சு கமலா. நடுவுல எய்ந்து வந்து எனக்கு முத்தம் குட்துச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். அப்புறம்தான் இருவரும் அழுதார்கள். அக்கா கையை நீட்டி நாகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் நாகம்மா கொஞ்சம் கஞ்சி குடித்தார். மறுநாள் அத்தானே அவரைப் பெரும்பாக்கத்துக்குப் பஸ் ஏற்றிவிடப் போனார்.

நான் கிளம்பும்போது மழைக்காலம் முடிந்து, காலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அக்காவை என்னோடு ஈப்போவுக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். விமானத்தில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், சென்னையில் என்னென்ன பார்த்தீர்கள், மகாபலிபுரம் போனீர்களா என்று கேட்டார். போகவில்லை என்றேன். அங்கே போகாமல் எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு தொலைபேசியில் பேசுவது வழக்கமாயிற்று. பெரும்பாலும் அவள் பேச மாட்டாள். நான் பள்ளிக் கதைகளைச் சொல்வேன், அவள் உம் கொட்டுவாள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்கத் தோன்றும், கேட்க மாட்டேன்.

ஒரு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிறு அவளாகவே பேச ஆரம்பித்தாள். காட்டாங்குளத்தூரில், கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவருடைய மனைவி அவளைத் தேடி வந்தாளாம். நகரத்து டாக்டர்தான் அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதில் ஒரு மகள். பிறந்தபோது பால் குடிக்கத் தெம்பில்லாமல் இருந்த குழந்தை, இப்போது குப்பைத்தொட்டியைக் கிளறுகிறதாம். பக்கத்து வீடுகளில் திருடித் தின்கிறதாம். தகப்பன் பெல்ட்டால் அடித்திருக்கிறான். அக்கா பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

எப்படி இருக்கிறது குழந்தை என்று கேட்டேன்.

"பானு மாதிரியே கை" என்றாள்.

அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். பூட்டு, சங்கிலி, அளவு, வேளை எல்லாம் சொல்லியிருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் பிறகு சொன்னாளாம்.

"அவங்கப்பாகிட்டதான் மொதல்ல பேசினேன். 'சார், பசிக்குதுன்னு சொன்னா குடுக்காதீங்க. ஆனா நம்புங்க'ன்னு சொன்னேன்."